மூன்றாவது வரியைப் படியுங்கள்: ஒரு எரர் மெசேஜுக்கு விமர்சனம்

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். ஒரு எரர் மெசேஜுக்கு எழுதினால் என்ன? அதுவும் ஒருவர் எழுதி இன்னொருவர் படிக்கிற வாக்கியம்தான். அதைப் படிப்பவர் பெரும்பாலும் தனியாக, ராத்திரி நேரத்தில், வேலை நின்றுபோன கடுப்பில் இருக்கிறார். அப்படிப்பட்ட வாசகருக்கு இந்த வாக்கியம் உதவியதா என்று கேட்பது நியாயம்தானே?

நான் எடுத்துக்கொண்ட வாக்கியம் இது: "எரர்: 0308010சி: டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ்: அன்சப்போர்ட்டட்." பழைய ரியாக்ட் ப்ராஜெக்ட் ஒன்றைப் புதிய நோட் ஜேஎஸ்ஸில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, தலையும் புரியாது வாலும் புரியாது. புரியாமல் போவதற்கான காரணம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தி பொண்ணு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சில வருஷம் முன்னால் பதிவு செய்த ஒரு ரியாக்ட் வகுப்பை லேப்டாப்பில் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்போடு கொடுத்த கோடை இறக்கி, சொன்னபடியே 'என்பிஎம் ஸ்டார்ட்' போட்டால் மேலே சொன்ன எரர். எனக்குப் போன் செய்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே, "அது பழைய பிரச்சினைம்மா. நோட் ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல லெகஸி ப்ரொவைடர்னு போட்டுடு, ஓடிடும்" என்றேன். கமாண்டை மெசேஜில் அனுப்பினேன்.

"அது என்ன அண்ணா பண்ணும்?"

"அது... பழைய மாதிரி ஓட வைக்கும்."

அந்த "அது..." என்ற இழுப்பில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

நான் அனுப்பியது லினக்ஸுக்கான 'எக்ஸ்போர்ட்' கமாண்ட். அவளுடையது விண்டோஸ். 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு கமாண்டே இல்லை என்று அது சொல்லிவிட்டது. அவள் வேறெங்கோ தேடி, விண்டோஸ் செட்டிங்ஸில் போய் நோட் ஆப்ஷன்ஸை நிரந்தரமாகவே எழுதி வைத்துவிட்டாள். ஓடியது. அடுத்த வாரம் யாரோ ஒரு சீனியர், "நோட் 16 போடு, அதுதான் சரி" என்றிருக்கிறார். போட்டாள். இப்போது வேறு எரர்: இந்த ஆப்ஷனுக்கு நோட் ஆப்ஷன்ஸில் அனுமதி இல்லை. ரியாக்ட் மட்டுமல்ல, என்பிஎம்மே எழுந்திருக்கவில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

மூன்று ராத்திரி போன பிறகு மறுபடி போன் வந்தது. "எனக்கு இதெல்லாம் வராது போல அண்ணா. தமிழ் மீடியத்துல படிச்சதால இங்கிலீஷ் எரர் புரியலையோ என்னவோ."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் புரியாததற்குக் காரணம் இங்கிலீஷ் இல்லை. அந்த வாக்கியத்தை இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர் படித்தாலும் புரியாது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். ரியாக்ட் ப்ராஜெக்டின் பல ஃபைல்களைச் சேர்த்துக் கட்டுகிற வேலையைச் செய்வது வெப்பேக். அதன் 4-ஆம் வெர்ஷன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் போட்டு அடையாளம் வைக்கும். அதற்கு எம்டி4 என்ற முறையைப் பயன்படுத்தியது. எம்டி4 என்பது ரொனால்ட் ரிவெஸ்ட் 1990-இல் உருவாக்கியது. பாதுகாப்புக்கு அது உதவாது என்று 1990-களின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வெப்பேக்குக்குப் பாதுகாப்பு தேவையே இல்லை. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரி, எது எதுவென்று குழம்பாமல் இருந்தால் போதும், வேகமாகவும் இருக்க வேண்டும். எம்டி4 வேகமானது.

இந்த ஹேஷைப் போட்டுக்கொடுப்பது நோட். நோட்டுக்குள் அந்த வேலையைச் செய்வது ஓப்பன்எஸ்எஸ்எல். 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தது. பழைய, பலவீனமான முறைகளை அது முன் அலமாரியிலிருந்து எடுத்துப் பின்கட்டு குடோனில் வைத்தது. அந்தக் குடோனுக்குப் பெயர்தான் லெகஸி ப்ரொவைடர். எம்டி4 அங்கே போனது. அடுத்த மாதம், 2021 அக்டோபரில் வந்த நோட் 17 இந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ எடுத்துக்கொண்டது. வெப்பேக் 4 வழக்கம்போல எம்டி4 கேட்டது. முன் அலமாரியில் இல்லை. எரர்.

17 ஒற்றைப்படை வெர்ஷன். நீண்ட காலப் பராமரிப்பு இல்லாதது. அதனால் அப்போது மாட்டியவர்கள் ஆர்வக்கோளாறு உள்ளவர்கள்தான். 2022 அக்டோபரில் நோட் 18 நீண்ட காலப் பராமரிப்பு வெர்ஷன் ஆனது. "எல்லோரும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று நோட் தளம் சொல்வது இந்த வகை வெர்ஷனைத்தான். ஆகவே சொன்ன பேச்சைக் கேட்டு நடந்த புதியவர்கள்தான் அதன் பிறகு மாட்டினார்கள். என் தங்கை உட்பட.

இப்போது அந்த மெசேஜை ஒரு வாசகனாகப் படிப்போம்.

முதல் வரியில் 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ்' என்கிறது. அது ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குள் ஒரு பகுதியின் பெயர். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "பிரச்சினை மூணாவது உத்தரத்துல இருக்கு" என்று சொல்வதைப் போல. கட்டியவருக்குப் புரியும். 'அன்சப்போர்ட்டட்' என்கிறது. எது அன்சப்போர்ட்டட்? அதைச் சொல்லவில்லை. என் முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்: முழு மெசேஜிலும் எம்டி4 என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. வெப்பேக் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டது. நோட்டின் கையில் அந்தப் பெயர் இருந்தது. "எம்டி4 இங்கே கிடைக்காது" என்று மூன்று சொல் சேர்த்திருந்தால், தேடுகிறவர் சரியான கதவைத் தட்டியிருப்பார்.

கீழே போனால் 'அட்' என்று தொடங்கும் வரிகள். முதல் இரண்டும் நோட்டின் உள் ஃபைல்கள். மூன்றாவது வரியில் வெப்பேக் என்ற பெயர் இருக்கிறது, 'கிரியேட் ஹேஷ்' என்ற ஃபைல் பெயரும் இருக்கிறது. கேட்டது யார், என்ன கேட்டது என்பதற்கான துப்பு இந்த ஒரு வரிதான். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில், நோட்டின் வெர்ஷன் எண். ப்ரோக்ராம் இப்படி விழும்போது வெர்ஷனையும் சேர்த்து அச்சிடும் பழக்கம் நோட் 17-இல்தான் வந்தது. நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆக, பாதி விடை மூன்றாவது வரியிலும் மீதி பாதி கடைசி வரியிலும் இருக்க, எல்லோரும் காப்பி செய்து தேடுவது முதல் வரியை. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரை மடிக்கிற மாதிரி.

நோட் குழுவினர் விளக்கமே தரவில்லை என்று சொன்னால் அது அநியாயம். நோட் 17 வெளியீட்டு அறிவிப்பிலேயே இந்த எரரின் பெயரைச் சொல்லி, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அனுமதிக்காத முறையை உங்கள் ப்ரோக்ராமோ நீங்கள் பயன்படுத்தும் மாட்யூலோ கேட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். லெகஸி ப்ரொவைடர் ஆப்ஷன் தற்காலிக ஏற்பாடு என்றும் சொல்லியிருந்தார்கள். தெளிவான விளக்கம்தான். ஆனால் வெளியீட்டு அறிவிப்பைப் படிப்பவர் ஒருவர், எரரில் மாட்டுபவர் இன்னொருவர். மருந்துச் சீட்டு ஒரு ஊரில், நோயாளி வேறு ஊரில்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேனா? இல்லை. எல்ம் என்ற மொழியின் கம்பைலர் 2015-லேயே, "நீங்கள் இதைக் கேட்டீர்கள், இங்கே இது இருக்கிறது, ஒருவேளை இதைச் செய்ய நினைத்தீர்களோ" என்கிற தொனியில் எரர் எழுதிக் காட்டிவிட்டது.

அடுத்து, இதற்கு நாம் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் வைத்தியங்கள்.

முதலாவது, நான் கொடுத்தது: லெகஸி ப்ரொவைடர். இது குடோன் கதவைத் திறந்துவிடுகிறது. வெப்பேக்குக்கு மட்டும் அல்ல, அந்த நோட் ப்ரோக்ராம் முழுக்க. அவள் செய்ததுபோல நிரந்தரமாக எழுதி வைத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிற எல்லா நோட் ப்ரோக்ராமுக்கும். ஒரு பழைய பாடத்தைப் பார்த்து முடிக்க, ஒரே ஒரு டெர்மினலில், ஒரு முறை போடலாம், தப்பில்லை. தற்காலிகம் என்ற சொல்லை விழுங்கிவிட்டுக் கைமாற்றுவதுதான் தப்பு. அந்தச் சொல்லை விழுங்கியவன் நான்.

இரண்டாவது வைத்தியம்: "நோட் மாட்யூல்ஸையும் லாக் ஃபைலையும் அழிச்சுட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு." எந்த எரருக்கும் இதைச் சொல்கிறார்கள், தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலம். இந்த எரரில் இது எதையும் மாற்றாது. வகுப்பின் பேக்கேஜ் ஃபைலில் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் 4.0.3 என்று குறிப்பிட்டே எழுதியிருக்கிறது. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அதே வெப்பேக் 4 தான் வரும். ஆனால் லாக் ஃபைல் போய்விடும். இந்தக் கோடு ஒரு நாள் சரியாக ஓடியதே, அன்றைக்கு எந்தெந்த வெர்ஷன் இருந்தது என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சி அது. சாட்சியைக் கலைத்துவிட்டு வழக்கு நடத்த முடியுமா?

மூன்றாவது: நோட் 16-க்கு இறங்குவது. சீனியர் சொன்னது தவறில்லை. பழைய பாடத்தை அப்படியே ஓட்ட இதுதான் நேர்வழி. என்விஎம் போன்ற கருவி இருந்தால் புதியதும் பழையதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் முன்பு போட்ட ஆப்ஷனை முதலில் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முன்பு என்ன போட்டாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. இன்னொன்று: நோட் 16-இன் பராமரிப்பு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. முதலில் சொன்ன தேதி 2024 ஏப்ரல். அதற்குள் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு ஆயுள் அன்றோடு முடிந்ததால், ஏழு மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். பாடம் பார்க்க 16 போதும். நாலு பேர் பயன்படுத்தப்போகிற தளத்துக்கு அது வீடல்ல. அங்கே வெப்பேக் 5-க்கு மாறின ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் 5-க்கோ வைட்டுக்கோ போவதுதான் வழி. உழைப்பு கொஞ்சம் அதிகம்.

மூன்று வைத்தியத்திலும் பொதுவாக இருப்பது ஒன்று: எதுவும் காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் குணமானவருக்கு அடுத்த எரர் வரும்போது, முதல் எரரிலிருந்து கற்றது எதுவும் கையில் இருக்காது. அப்போது அவர் குறைசொல்ல எஞ்சியிருப்பது தன்னையே. "எனக்கு இது வராது" என்ற முடிவு அப்படித்தான் பிறக்கிறது. ஒரு ஹேஷின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கும் ஒரு பெண் படிப்பை விட நினைப்பதற்கும் இடையில் உள்ள தூரம் மூன்று ராத்திரிதான்.

வகுப்பு எடுப்பவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வகுப்பில் நோட் எந்த வெர்ஷன் என்று வாயால்கூட ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பேக்கேஜ் ஃபைலில் 'என்ஜின்ஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே எழுதலாம். பொருந்தாவிட்டால் என்பிஎம் எச்சரிக்கை மட்டும்தான் காட்டும், நிறுத்தாது; ஆனால் எச்சரிக்கையாவது வரும். '.என்விஎம்ஆர்சி' என்று ஒரு ஃபைலில் ஒரே ஒரு எண்ணை எழுதி வைக்கலாம். கருவி படிக்காவிட்டாலும் மனிதர் படிப்பார். லாக் ஃபைலையும் சேர்த்துக் கொடுத்து, 'என்பிஎம் இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'என்பிஎம் சிஐ' போடச் சொல்லலாம்; அது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே இறக்கும். இவ்வளவுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகாது. கோடு எழுதிக் காட்டுவது பாதிப் பாடம்; அது எந்த மண்ணில் முளைத்தது என்று சொல்வது மீதிப் பாதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். எதையும் சரிசெய்யவில்லை. நிரந்தரமாக எழுதிய ஆப்ஷனை அவளையே எடுக்கச் சொல்லி, நோட் 18-க்குத் திரும்பி, பழைய எரரை வேண்டுமென்றே மறுபடி வரவழைத்தோம். "முதல் வரியை விடு. உனக்குத் தெரிஞ்ச பேர் ஏதாவது இருக்கா பாரு" என்றேன்.

விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். "வெப்பேக்... கிரியேட் ஹேஷ்." கடைசி வரிக்குப் போனாள். "நோட் 18." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இந்த வெப்பேக் என்னமோ கேக்குது, இந்த நோட் குடுக்க மாட்டேங்குது. அவ்ளோதானா அண்ணா?"

அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை அந்த மெசேஜ் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.