தபசு மரத்தில் ஏறும் குரல்

மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனா, பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்து ரசிகருக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அவர் பார்த்து வளர்ந்த அர்ச்சுனன் திரௌபதி அம்மன் கோயில் திடலில் நட்ட பனைமரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறவன்.

'அர்ச்சுனன் தபசு' கூத்தின் உச்சம் அந்த ஏற்றம்தான். இரவெல்லாம் ஆடிக் களைத்த உடம்பு. கால் படியைத் தேடுகிறது. குரலோ சுருதியை விட்டு இறங்கக் கூடாது. மேலே அர்ச்சுனன் வேடக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியைக் கீழே பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடி நிரப்புகிறார்கள். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்து நிற்க, முகவீணை அந்தக் குரலைத் துரத்திக்கொண்டு போகிறது. நாகசுரத்தைவிடக் குட்டையான குழல், கீச்சென்ற நாதம். அதற்கு ஈடுகொடுத்துப் பாட முடியாதவர் ராஜ வேடம் கட்ட முடியாது. உச்சியிலிருந்து அவர் வீசும் பூவையும் எலுமிச்சம்பழத்தையும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியில் ஏந்துகிறார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, பாடகரா, பூசாரியா? ஊரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

1983இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அரங்கேறிய 'தி காஸ்பல் அட் கொலோனஸ்' என்ற இசை நாடகம் இந்தக் கூத்துக்குத் தூரத்து உறவு. சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகத்தை லீ புரூயர் கறுப்பின மக்களின் தேவாலய ஆராதனையாக மாற்றினார்; இசை பாப் டெல்சன். கண்ணிழந்த மன்னன் ஈடிபஸாக வந்தவர்கள், 1939இல் உருவாகி ஊர் ஊராகப் பாடிவந்த 'ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' குழுவினர். ஒரே பாத்திரம், பல குரல்கள்! போதகராக மார்கன் ஃபிரீமன் கதையைச் சொல்ல, பாடகர்கள் அதை வாழ்ந்து காட்டினார்கள். 1988இல் நாடகம் பிராட்வேக்கும் போனது.

நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்து விளக்குவார். இரவில் அதே கதையைக் கூத்தர்கள் எடுத்துக்கொள்வார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும் என்பதால் கவனமெல்லாம் குரலின் மேல். கர்ணன் சாவான் என்று தெரிந்தும் 'கர்ண மோட்சம்' பார்க்க விடியும்வரை உட்கார்ந்திருப்பது வேறெதற்கு? (தொங்கும் மைக்கைத் தேடி வந்து நின்று பாட வேண்டியிருப்பதால் ஆட்டத்தின் சுழற்சி குறைந்துவிட்டது என்ற குறை நியாயமானதே.)

இந்தக் குரலைப் பழக்க வருஷங்கள் ஆகும். பத்து வயதிலேயே மேடையேறிய கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில் தொடங்கிய அதன் குருகுலத்தில் மாணவர்கள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. 2020இல் அது மூடப்பட்டது நமக்கு நஷ்டம்.

பங்குனி முதல் ஆடி வரை கூத்துப் பருவம். மாமல்லபுரம் போகிறவர்கள் பக்கத்து ஊர்களில் எங்காவது பாரதம் நடக்கிறதா என்று டீக்கடையில் விசாரியுங்கள். இரவு பத்து மணிக்குப் போனால் போதும். டிக்கெட் கிடையாது, பாய் மட்டும் கொண்டுபோக வேண்டும்.