தேன்சிட்டும் கவர்னரும்: ஒரு வாழ்க்கை வரலாற்றை வாசித்தபோது எழுதிவைத்த குறிப்புகள்

எங்கள் வீட்டுப் பின்பக்கச் செம்பருத்திக்குத் தினமும் காலையில் ஒரு தேன்சிட்டு வரும். கருநீல மினுமினுப்பு, மார்பில் செம்பழுப்புப் பட்டை, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு வளைந்த அலகு. சில சமயம் பூவின் வாய் வழியாகப் போகாமல் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துவிடும். காஞ்சிபுரத்தில் இதற்குத் தனிப்பெயர் வைத்து யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தேன்சிட்டு, அவ்வளவுதான். பறவை நூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் இது லோட்டனின் தேன்சிட்டாம். 1766இல் லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயரிலும் அதே லோட்டன்.

யார் இந்த லோட்டன் என்று தேடப் போய், ஏ.ஜே.பி. ராட் எழுதி 2010இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். எண்ணூறு பக்கங்களுக்கு மேல். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உழைத்திருக்கிறார். இது முழு மதிப்புரை இல்லை. படித்தபோது எனக்குள் நடந்த ஒரு சண்டையைப் பற்றிய குறிப்புகள்.

முதலில் ஆளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோவான் கிடியன் லோட்டன் 1710இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பக்கம் பிறந்தவர். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1732இல் பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கரை இறங்குகிறார். ஜாவாவின் செமராங்கில் பல ஆண்டுகள், 1744 முதல் 1750 வரை மக்காசரில் கவர்னர், 1752 முதல் 1757 வரை இலங்கைக் கவர்னர். பிறகு ஐரோப்பா திரும்பி லண்டனில் குடியேறி, 1760இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆகிறார். 1789இல் உத்ரெக்டில் மரணம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

இந்தப் பட்டியலைத் தாண்டி உள்ளே போவதுதான் ராட் நூலின் பலம். கடிதங்களையும் குறிப்பேடுகளையும் பேச விட்டுவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்கிறார். அதனால் கவர்னர் என்ற வெள்ளைக் காலர் பொம்மை மெல்ல மெல்ல மனிதன் ஆகிறது. 1733இல் திருமணம். மனைவி அன்னா ஹென்ரியெட்டா, நன்னம்பிக்கை முனையில் கம்பெனி அதிகாரியாக இருந்தவரின் மகள். 1755இல் அவர் கொழும்பில் இறக்கிறார். அடுத்த ஆண்டே, மணமாகிப் போயிருந்த மகள் அர்னால்டினாவும். சுமார் இருபது வயதுதான். லோட்டன் ஊர் திரும்பும்போது பணமும் பதவியும் இருந்தன, குடும்பம் இல்லை. பிற்காலத்தில் மூச்சிரைப்போடு உட்கார்ந்து தம்பிக்குக் கடிதம் எழுதும் கிழவரைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. எனக்கு எதற்குப் பாவமாக இருக்க வேண்டும்?

முதல் கோபம் சுலபமானது. நம் ஊர்ப் பறவைக்கு எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயரா என்பது. இதைச் சொன்னால் நாலு பேர் கைதட்டுவார்கள். ஆனால் அது பாதி விமர்சனம்தான். லோட்டன் பறவைகளை உண்மையாகவே நேசித்தவர், கவனித்தவர். அவர் இலங்கையில் வரையச் செய்து கொண்டுபோன ஓவியங்கள் இல்லையென்றால் தாமஸ் பென்னன்ட் 1769இல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூல் அந்த வடிவத்தில் வந்திருக்காது. வெறும் கொள்ளைக்காரர் என்று முடித்துவிட முடியாத ஆள்.

சரி, அந்த ஓவியங்களை வரைந்தவர் யார்? பீட்டர் கார்னெலிஸ் டி பெவேரே. இலங்கையில் பிறந்தவர், ஐரோப்பிய வம்சமும் உள்ளூர் வம்சமும் கலந்த குடும்பம், கம்பெனியின் நில அளவைப் பிரிவில் வேலை. கவர்னர் அந்தக் கையின் திறமையைக் கண்டுகொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் சொல்கிறார். ஓவியங்கள் கவர்னரோடு கப்பலேறின. ஓவியர் ஏறவில்லை.

ராட் டி பெவேரேவை மறைக்கவில்லை. அவர் மீது அந்தக் குற்றம் சொன்னால் அநியாயம். சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. ஒரு கவர்னரின் வாழ்வும் குடும்பமும் என்று எழுத உட்கார்ந்தாலே, யார் கடிதம் எழுதினார்களோ, யாருடைய கடிதத்தை யாரோ பெட்டியில் பத்திரப்படுத்தினார்களோ, அவர்கள்தான் அத்தியாயம் ஆவார்கள். மற்றவர்கள் அடைப்புக்குறிக்குள் வந்து போவார்கள். லோட்டனின் மூச்சிரைப்பு எனக்குத் தெரியும். டி பெவேரேவுக்கு ராத்திரியில் தூக்கம் வந்ததா என்று தெரியாது.

இதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஊடையிலேயே இரண்டையும் கோர்ப்பது. இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான் அந்த ஆள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாத்தாவின் குழித்தறியில் அந்த இடம் ஆயாவுடையது. கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக்கில் தாத்தா பெயர் இருக்கிறது. எத்தனை சேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம், எல்லாம் இருக்கிறது. ஆயா பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "கோர்வைக்கு உக்காந்தவளுக்கு ஏதுடா பேரு? சேலை போச்சுன்னா அவளும் போயிட்டா" என்றார்.

டி பெவேரே என்னைப் பொறுத்தவரை கோர்வைக்கு உட்கார்ந்தவர். அந்தத் தேன்சிட்டு லோட்டனின் பெயரில் கரையேறிவிட்டது.

இனி இரண்டாவது விஷயம், குடும்பம். ராட் குடும்பத்தைப் பாசமும் துக்கமுமாகப் படிக்கிறார். அது ஒரு வழி. ஆனால் கம்பெனி உலகில் குடும்பம் என்பது பதவிக்கு ஏணியும்கூட. ஜீன் கெல்மன் டெய்லர் 1983இல் எழுதிய பதாவியாவின் சமூக உலகம் பற்றிய நூல் இதை அழகாகக் காட்டும். மகன்களைப் படிக்க ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆசியாவிலேயே வளர்ந்த மகள்கள் புதிதாக வந்திறங்கும் இளைஞர்களைக் கட்டிக்கொள்வார்கள். அதிகாரம் அப்பாவிடமிருந்து மருமகனுக்குப் போகும்.

நம் கரையிலேயே உதாரணம் உண்டு. யாக்கோப் மோசல் 1704இல் என்கௌசனில் பிறந்து சாதாரணக் கடலோடியாக வந்தவர். சோழமண்டலக் கரையில் வேலை பார்த்து, 1730இல் கவர்னர் ஏட்ரியான் வான் பிளாவின் மனைவியுடைய முந்தைய திருமணத்து மகளை மணந்தார். 1738இல் நாகப்பட்டினத்தில் தானே கவர்னர். 1750இல் பதாவியாவில் கவர்னர் ஜெனரல். லோட்டன் கொழும்பில் இருந்த காலம் முழுக்க அவருக்கு மேலதிகாரி இந்த மோசல்தான்.

அந்த மோசல் 1754இல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டார். எந்தப் பதவிக்கு எந்த உடுப்பு, யார் குடை பிடிக்கலாம், யார் பின்னால் எத்தனை அடிமைகள் நடக்கலாம் என்றெல்லாம் விதி. துணி நெய்யும் கரையில் பெண்ணெடுத்து உயர்ந்தவர், யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அடிமைகளின் எண்ணிக்கை பதவிக்கு அளவுகோலாக இருந்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. கவர்னர் வீட்டுக் குடும்பம் என்று எழுதும்போது மனைவி, மகள், பேரன் வரை வந்து நிற்கிறோம். அந்த வீட்டில் விளக்கேற்றியவர்கள், விசிறியவர்கள், பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள் எந்தக் கணக்கு? முந்தைய நூற்றாண்டில் பழவேற்காடு வழியாக இந்தக் கரையிலிருந்தே ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பதாவியாவுக்குக் கப்பலேற்றியது இதே கம்பெனிதானே.

மூன்றாவது, சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது. லோட்டன் மக்காசரில் இருந்தபோது கம்பெனி அங்கே விற்ற முக்கியச் சரக்குகளில் ஒன்று இந்தியத் துணி. இலங்கையில் அவருடைய தலையாய வேலை பறவை பார்ப்பது இல்லை, கருவாப்பட்டை. அதை உரித்துக் கொடுக்கும் கட்டாயக் கடமை சலாகம சாதியாருக்கு. இவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன சாலிய நெசவாளர் வழியினர் என்ற மரபு இலங்கையில் உண்டு. தறியை விட்டுக் கடல் தாண்டிப் போய்க் காட்டில் பட்டை உரித்தவர்கள் என்று அந்த மரபை வாசித்தால், கவர்னரின் சம்பளக் கணக்கு எங்கள் தெரு வரைக்கும் நீளுகிறது. அவர்களில் ஒருவருடைய கடிதமும் எந்தப் பெட்டியிலும் இல்லை.

போன மாதம் சதுரங்கப்பட்டினம் போய்வந்தேன். செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். 2019 வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். மெல்லிய துணிக்குப் பேர்போன துறை. 1824 உடன்படிக்கையில் ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. கோட்டைக்குள் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. டச்சு எழுத்துகளை அவ்வளவு ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள், இன்னும் விரல் வைத்துப் படிக்கலாம். அந்த எழுத்தைச் செதுக்கிய கல்தச்சர் எந்த ஊர்க்காரரோ என்றுதான் அங்கே நிற்கும்போது யோசித்தேன். முன்பு போனபோது இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அந்த அளவுக்கு ராட் நூலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றி இவ்வளவு விவரமாகத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது உறைக்கிறது.

அதனால் என் தீர்ப்பு இது. படியுங்கள், நல்ல நூல். ஆனால் லோட்டனோடு அழுதுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் பாருங்கள். தேன்சிட்டின் பெயரை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கப் போவதில்லை. பெயரை அழித்தால் கவர்னரோடு சேர்ந்து டி பெவேரேவை நோக்கிப் போகும் ஒரே வழியும் அடைபட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

வேறொரு வேலை செய்திருக்கிறேன். தாத்தாவின் பாஸ்புக்கைப் படமெடுத்து வைத்தபோது, கூடவே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்தத் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்தவர்கள் யார் யார், எந்த வயதில், எத்தனை வருஷம். அம்மாவுக்கு நினைவிருக்கும் வரை கேட்டு எழுத வேண்டும். முதல் வரியில் ஆயா பெயர். இரண்டாவது வரியில், ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அம்மாவின் பெயர். இது எனக்கு அன்று வரை தெரியாது. கேட்டால்தானே சொல்வார்கள்.