டேப்பும் மூட்டையும்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வரும் ஆண் 170 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினர் என்றால் 167. பெண்களுக்கு 159, 157. ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர். மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 விரிய வேண்டும். இந்த அளவில் தவறியவர் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடக்கூடியவரா, கயிறேறித் தேறக்கூடியவரா என்பதெல்லாம் பிறகு பேச்சே இல்லை.

தண்டவாளப் பராமரிப்பு உள்ளிட்ட கடைநிலைப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் ரயில்வேயின் உடல்திறன் தேர்வு வேறு மாதிரி. 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, இடையில் கீழே வைக்காமல், 100 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்க வேண்டும். அதோடு 1000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ. ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 விநாடி. இந்தத் தேர்வில் மார்பை யாரும் அளப்பதில்லை. குள்ளமோ நெட்டையோ, மூட்டை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு.

டேப்பைத் திட்டுவது சுலபம் என்பதால், அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. லட்சக்கணக்கில் விண்ணப்பம் வரும் தேர்வில் அது விரைவானது, செலவில்லாதது. அதைவிட முக்கியம், அளப்பவரின் விருப்பு வெறுப்புக்கு அது அதிகம் இடம் கொடுப்பதில்லை. 'ஆளைப் பார்த்தா போலீஸ் மாதிரியே இல்லையே' என்று ஓர் அதிகாரி தன் கண்ணை நம்பி ஒருவரைக் கழித்துவிட்டால், அதை எதிர்த்து எங்கே போவது? எண் என்றால் மறுபடி அளக்கச் சொல்லலாம். சில மில்லிமீட்டருக்காக உயர் நீதிமன்றப் படியேறியவர்கள் இருக்கிறார்கள். ஏறுவதற்கு ஒரு படியாவது இருக்கிறதே.

ஆனால் அந்த அதிகாரியின் கண்ணில் இருந்ததும் டேப்பில் அச்சாகியிருப்பதும் வேறு வேறா? காவலர் என்றால் வாட்டசாட்டமாக, மிடுக்காக இருக்க வேண்டும் என்ற பழைய நினைப்பைத்தான் சென்டிமீட்டராக எழுதி வைத்திருக்கிறோம். கூட்டத்தை அடக்க உயரம் உதவும் என்பார்கள். ஓரளவு உதவும்தான். ஆனால் 167 சென்டிமீட்டர் காவலர் அதே லத்தியோடு, அதே பந்தோபஸ்தில், அதே இரவு ரோந்தில் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். மத்தியப் படைகளிலும் மலைப்பகுதி மக்களுக்கும் கூர்க்காக்களுக்கும் உயரத்தில் தளர்வு உண்டு. கூர்க்காக்களின் உடல்வலுவில் யாரும் குறை சொன்னதில்லை. தளர்வு கொடுத்தது சரிதான். அந்தத் தளர்வே ஓர் ஒப்புதல்: 170 என்ற எண் வேலையின் தேவையிலிருந்து வந்ததல்ல. அப்படியானால் 168 இருக்கும் மற்றவரையும் ஏன் ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது?

மார்பளவின் கதை இன்னும் மோசம். நுரையீரல் கொள்ளும் காற்றை நேரடியாக அளக்கும் ஸ்பைரோமீட்டரை இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-லேயே விவரித்துவிட்டார். கருவி வந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நாம் விலாவைச் சுற்றி நாடாவைப் போட்டு மூச்சின் வலுவைக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ராஜஸ்தானில் வனக்காவலர் தேர்வில் பெண்களுக்கும் மார்பளவு கேட்டார்கள். ஓட்டம் உள்ளிட்ட திறன் தேர்வில் தேறிய பெண்கள் மார்பளவில் கழிக்கப்பட்டு வழக்குப் போட்டார்கள். 2023-ல் அம்மாநில உயர் நீதிமன்றம், இந்த அளவீடு பெண்களின் கண்ணியத்தைக் குலைப்பது, மார்பின் அளவு நுரையீரலின் திறனைக் காட்டும் என்றும் சொல்ல முடியாது என்று கூறி, நிபுணர்களைக் கேட்டு மாற்று வழி காணுமாறு அரசுக்குச் சொன்னது. மனுதாரர்களுக்கு வேலை மட்டும் கிடைக்கவில்லை.

எடைக்கும் இதுபோன்ற வழக்கு உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் சிறைக்காவலராக 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்றிருந்தது. எடை போதாமல் நிராகரிக்கப்பட்ட டயான் ராலின்சன் தொடுத்த வழக்கு 1977-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த அளவுகள் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோரைக் கழித்தன. ஆண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. உடல்வலுதான் தேவை என்றால் வலுவையே நேரடியாகச் சோதியுங்கள் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு, கடுங்காவல் கொண்ட ஆண்கள் சிறைகளில் கைதிகளோடு நேரடியாகப் பழகும் பணிகளிலிருந்து பெண்களை விலக்கி வைப்பதை அனுமதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, நேரடிச் சோதனை வந்துவிட்டால் குறை தீர்ந்ததா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் பணியில் இருந்த டானி மெயோரின், வேலையை நன்றாகவே செய்துவந்தார். புதிதாக வந்த உடல்திறன் தேர்வில் 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவர் 49.4 விநாடி பிந்தினார், வேலை போனது. அந்த வேகம் இல்லாவிட்டால் தீயை அணைக்க முடியாது என்று அரசால் காட்ட முடியவில்லை. 1999-ல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நம் நாட்டில் 2024-ல் ஜார்க்கண்ட் கலால் காவலர் தேர்வில் ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேர்வின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். கள்ளச்சாராயம் பிடிக்கப் போகிறவர் எந்த நாளில் 10 கிலோமீட்டர் ஓடப்போகிறார்? ஆக, டேப்பை எடுத்துவிட்டு ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணை யார், எந்த வேலையைப் பார்த்துக் குறித்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. வாசலில் இத்தனை கறார் காட்டும் துறைகள், உள்ளே வந்தவரை ஓய்வு பெறும்வரை அநேகமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. போலீஸ் தொப்பை நம் சினிமாவுக்கு நிரந்தர நகைச்சுவை. அஸ்ஸாம் காவல்துறை 2023-ல் விழித்துக்கொண்டு, உடல்நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்கள் எடையைக் குறைக்க வேண்டும், இல்லையேல் விருப்ப ஓய்வில் போகலாம் என்று அறிவித்தது. அதுவும் உருவத்தைத்தான் அளந்தது. அந்தக் குறியீட்டுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றே.

எனவே என் ஓட்டு ரயில்வே முறைக்கு, ஆனால் நிபந்தனையோடு. பாதையில் நிற்பவர் உண்மையிலேயே 35 கிலோ சுமக்க வேண்டுமானால், 20 கிலோவில் தேறி வந்த பெண்ணிடம் மீதி 15 கிலோவை எப்படி எதிர்பார்ப்பார்கள்? 20 கிலோவே போதுமென்றால், 30 கிலோவோடு வந்து சேர்ந்த ஆணை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? எந்தக் கருவி எத்தனை கிலோ, அதை எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு தூரம் தூக்குகிறார்கள் என்று பணியிடத்திலேயே கணக்கெடுத்து, அதை அறிவிக்கையோடு வெளியிட்டால், அந்த எண்ணோடு தாராளமாக வாதாடலாம்.