எரிந்த மண்டபமும் எஞ்சிய மண்டபமும்

வில்லியம் ட்ரெவரின் ‘த போல்ரூம் ஒஃப் ரொமான்ஸ்’ என்ற சிறுகதையை நான் வாசித்துப் பல வருடங்களாகின்றன. கென் லோச்சின் ‘ஜிம்மிஸ் ஹோல்’ திரைப்படத்தைப் பின்னர்தான் பார்த்தேன். ஒன்று 1972 இல் நூலாக வந்தது. மற்றது 2014 இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. இரண்டுமே அயர்லாந்தின் கிராமத்து நடன மண்டபமொன்றைப் பற்றியவை. அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்து மீளப் பார்த்தபோது, பழைய மண்டபங்களையும் அவற்றின் இசையையும் பாதுகாப்பது பற்றிப் பேசுவோர் தவறவிடும் ஒரு விடயத்தை இவ்விரு படைப்புகளும் சேர்ந்து சொல்வதாக எனக்குப் பட்டது. தனித்தனியே எடுத்தால் இரண்டிலுமே அது முழுமையாக இல்லை. அதனாலேயே இக்குறிப்பை எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அயர்லாந்துக் கிராமங்களில் நடனம் தொடங்கிய இடம் மண்டபமல்ல, வீட்டு அடுப்படி. கற்பலகை பாவிய தரையில் நான்கு சோடிகள் ஆடுவார்கள். மூலையிலிருந்து ஒருவர் பிடில் வாசிப்பார், அல்லது புல்லாங்குழல் ஊதுவார். ஆட்டத்துக்கு இடையில் பாட்டும் கதையும் நடக்கும். அயலவர்கள் அழைப்பின்றியே வருவார்கள். இவ்வகைக் கூடல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை சந்தேகத்தோடு பார்த்தது. 1925 இல் ஆயர்கள் நடனத்தின் தீமைகள் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டனர். 1935 இல் ‘பொது நடன மண்டபங்கள் சட்டம்’ வந்தது. அதன்படி பொது நடனம் நடத்துவதற்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. சட்டத்தின் வாசகம் வீட்டு நடனத்தைப் பெயர்சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் பல ஊர்களில் குருமாரும் பொலிஸாரும் அதை அடுப்படிவரை கொண்டுசென்றார்கள். கிளேயார் மாவட்டத்தின் பிடில் கலைஞர் ஜூனியர் கிரேஹன் (1908 - 1998) இதைத் தன் கண்ணால் கண்டவர். கிராமிய இசைக்கும் கதைக்கும் மண்டபம் இயல்பான இடமல்ல என்பது அவரது கருத்து.

இசையும் இதனால் மாறியது. அடுப்படியில் ஒரு பிடில் போதும்; வில்லின் சிறு அசைவுகூட ஆடுபவரின் காதுக்கு எட்டும். சில நூறு பேர் ஆடும் மண்டபத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், அது கேட்காது. எனவே பல பிடில்கள், புல்லாங்குழல்கள், அக்கோடியன், பியானோ, மேளம் எல்லாம் சேர்ந்த ‘கேலி’ இசைக்குழுக்கள் பெருகின. கில்ஃபெனோரா, துல்லா போன்ற குழுக்களின் புகழ் இப்படித்தான் வளர்ந்தது. தனிக் கலைஞரின் நுணுக்கம் கூட்டத்தின் தாளத்துக்குள் அடங்கிப்போயிற்று. இதை வெறும் இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். அக்குழுக்களின் இசையில் வேறொரு வேகமும் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் இன்று ‘மண்டபத்தின் மரபு’ என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி, இன்னொரு மரபு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதன் விளைவு என்பதை மறக்கலாகாது.

லோச்சின் படத்துக்கு வருவோம். அதன் நாயகன் கற்பனை மனிதனல்ல. ஜிம்மி கிரால்டன் 1886 இல் லைட்ரிம் மாவட்டத்தின் எஃபர்னா என்ற ஊரில் பிறந்தவர். அமெரிக்கா சென்று குடியுரிமை பெற்றவர். 1921 இல் ஊர் திரும்பி, குடும்பக் காணியில் பியர்ஸ் - கொனொலி மண்டபத்தைக் கட்டினார். அங்கே நடனமும் நடந்தது, வகுப்புகளும் நடந்தன, காணிப் பிணக்குகளும் பேசப்பட்டன. அடுத்த வருடமே நாட்டைவிட்டுப் போகவேண்டியவரானார். 1932 இல் மீண்டும் வந்து மண்டபத்தைத் திறந்தார். அவ்வருட டிசம்பரில் அது எரிக்கப்பட்டது. 1933 ஓகஸ்டில், தான் பிறந்த மண்ணிலிருந்தே ‘விரும்பத்தகாத அந்நியர்’ என்று அவர் நாடு கடத்தப்பட்டார். 1945 இல் நியூயோர்க்கில் காலமானார். ஊர் திரும்ப அவருக்கு வாய்க்கவில்லை.

இக்கதையை லோச் சொல்லும் முறையில் எனக்கு உடன்பாடும் உண்டு, குறையும் உண்டு. பங்குக் குருவான ஷெரிடனின் பாத்திரம்தான் படத்தின் பெரும் பலம். மண்டபத்துக்குள் நுழைவோரை வெளியில் நின்று கவனித்து, அவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் வாசிக்கிறார் அவர். அவ்வாறு பெயர் வாசிக்கப்பட்ட ஒரு பெண்ணை அவளது தந்தை சாட்டையால் அடிக்கிறார். ஆயினும் லோச் இக்குருவைக் கொடியவராகச் சித்திரிக்கவில்லை. எதிரியின் நேர்மையை உள்ளூர மதிக்கும், அந்த மதிப்பினாலேயே மேலும் அஞ்சும் ஒரு மனிதராகக் காட்டுகிறார். அஞ்சுபவரின் கையில் அதிகாரம் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதை இப்பாத்திரம் நன்றாக விளங்கவைக்கிறது.

ஆனால் மண்டபத்துக்குள் இருக்கும் இளைஞர்கள்? அவர்களில் ஒருவரைக்கூட நான் தனி மனிதராக நினைவில் வைத்திருக்கவில்லை. அவர்கள் கூட்டமாகச் சிரிக்கிறார்கள், கூட்டமாக ஆடுகிறார்கள், இறுதியில் கிரால்டனைக் கொண்டுசெல்லும் வண்டியின் பின்னால் சைக்கிளில் கூட்டமாக விரைகிறார்கள். இசையின் நிலையும் இதுதான். கிரால்டன் நியூயோர்க்கிலிருந்து கிரமபோனும் ஜாஸ் இசைத்தட்டுகளும் கொண்டுவருகிறார். ஊர்ப் பாட்டும் ஜாஸும் ஒரே கூரையின்கீழ் ஒலிக்கின்றன. எவ்வளவு செழிப்பான சந்தர்ப்பம்! பிடில்காரன் அந்த இசைத்தட்டைக் கேட்டு என்ன நினைத்தான் என்று அறிய நான் ஆவலாயிருந்தேன். படம் அதில் நிற்கவில்லை. சுதந்திரத்தின் அடையாளமாக இசையைக் காட்டிவிட்டு அடுத்த விவாதத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. படம் 1933 இல் முடிகிறது. அதன் பிறகு மண்டபங்களே இல்லாமற்போயின என்ற எண்ணம் பார்வையாளனுக்கு வரலாம். நடந்தது அதற்கு மாறானது. மண்டபங்கள் பெருகின, திருச்சபையே பங்கு மண்டபங்களைக் கட்டியது, தனியார் வியாபாரமாகவும் கட்டினார்கள். 1992 இல் பிரதமரான அல்பர்ட் ரெய்னோல்ட்ஸ் தம் சகோதரருடன் சேர்ந்து நடன மண்டபங்களை நடத்திச் செல்வம் சேர்த்தவர்தான். ஆக, பிரச்சினை நடனமல்ல. மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பிரச்சினை.

ட்ரெவரின் கதை அந்த வியாபார மண்டபமொன்றுக்குள் நடக்கிறது. பிரைடிக்கு வயது முப்பத்தாறு. ஒரு காலை இழந்த தந்தையைப் பராமரித்தபடி, பண்ணை வேலை முழுவதையும் தனியாளாகச் செய்பவள். சனிக்கிழமை இரவுகளில் ஏழு மைல் சைக்கிள் மிதித்து, வெட்டவெளியில் நிற்கும் அந்தச் சீமெந்துக் கட்டடத்துக்கு வருகிறாள். அவள் நேசித்த இளைஞன் எப்போதோ இன்னொருத்தியை மணந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டான். இப்போது அவளது எதிர்பார்ப்பெல்லாம் மேளம் வாசிக்கும் டானோ ரயன்மீது. அவன் பகலில் வீதி வேலை செய்பவன். தான் தங்கியிருக்கும் வீட்டு விதவையைத்தான் மணப்பான் என்பது அந்த இரவில் அவளுக்குப் புரிகிறது. இனி இங்கே வருவதில்லை என்று தீர்மானிக்கிறாள். குடிகாரனான பௌசர் ஈகன், தன் தாயார் இறந்த பின் அவளைத் தேடி வருவான். தனிமை தாளாமல் அவனை அவள் ஏற்பாள். கதை இவ்வளவுதான்.

இக்கதையில் எரிப்பவரும் இல்லை, எரிக்கப்படுவதும் இல்லை. மண்டபம் அப்படியே நிற்கிறது, ஆட்கள்தான் இல்லை. 1950 களில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினர். கிரால்டனின் லைட்ரிம் மாவட்டத்தில் 1926 இல் ஏறத்தாழ 56,000 பேர் வாழ்ந்தனர். 1996 இல் அத்தொகை 25,000 அளவில் இருந்தது. ட்ரெவர் இந்தப் புள்ளிவிபரத்தில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. நடு வயதைத் தாண்டிய ஆண்கள் மதுக்கடை மூடிய பின் மண்டபத்துக்கு வந்து சேர்வதையும், இளம் பெண்கள் தன்னைப் பார்க்கும் பார்வையைப் பிரைடி உணர்வதையும் மட்டும் சொல்கிறார். கோர்க் மாவட்டத்தில் புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்த அவர் இந்தக் கத்தோலிக்கக் கிராமத்து வாழ்வை ஓரத்தில் நின்றே பார்த்தவர். அந்தத் தூரம் அவருக்கு ஏளனத்தைக் கற்றுத்தராமல் பொறுமையைக் கற்றுத்தந்திருக்கிறது. லோச்சின் கூட்டத்தில் நான் தேடிய அந்தத் தனி மனுஷி பிரைடிதான்.

ஆனால் ட்ரெவரிடமும் ஒரு போதாமை உண்டு. அவரது மண்டபத்தை மாற்றமுடியும் என்று நினைக்கும் ஒருவர்கூட அங்கே இல்லை. உரிமையாளர் கதவைத் திறக்கிறார், காசை எண்ணுகிறார், கதவைப் பூட்டுகிறார். வருவோர் வந்து போகிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கதை இயற்கையைப்போல ஏற்றுக்கொள்கிறது. கிரால்டன் போன்ற ஒருவர் அதே மண்ணில் வாழ்ந்தார் என்பது பிரைடிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கதைசொல்லிக்கும் அது தேவைப்படவில்லை.

லைட்ரிமின் கிளென்ஃபார்னில் 1934 இல் திறக்கப்பட்ட ரெயின்போ மண்டபமே ட்ரெவரின் கதைத் தலைப்புக்குத் தூண்டுதல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இப்போதும் நிற்கிறது. அங்கே நடனமும் நடக்கிறது. அதே மாவட்டத்து எஃபர்னாவில் கிரால்டனின் மண்டபம் இல்லை. அந்த இடத்தில் 2016 இல் அன்றைய ஜனாதிபதி மைக்கல் டி. ஹிக்கின்ஸ் நினைவுச்சின்னமொன்றைத் திறந்துவைத்து, அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை ஒப்புக்கொண்டார். எண்பத்து மூன்று வருடங்கள் கழித்து!

எஞ்சிய மண்டபத்துக்குக் கூரை போடுவதும் எரிந்த மண்டபத்துக்குக் கல் நாட்டுவதும் அவசியமான காரியங்கள்தான். ஆனால் இசையை உண்மையில் மீட்டவை வேறு வகையான முயற்சிகள் என்பது என் எண்ணம். 1951 இல் தொடங்கிய கொல்தஸ் அமைப்பும், 1973 இல் மில்ரவுன் மல்பேயில் தொடங்கிய வில்லி கிளான்ஸி கோடைப் பள்ளியும் கட்டடத்தைத் தேடிப் போகவில்லை. வயதான கலைஞரின் பக்கத்தில் ஒரு சிறுவனை உட்காரவைத்தன. வாசிக்கும் கையைப் பார்த்துப் பழகச் செய்தன. நாலு சோடி நடனத்தின் காலடிகள் 1980 களில் மீண்டும் பரவியதற்கு, அவற்றை மறக்காதிருந்த முதியவர்கள் சிலர் ஊர்களில் எஞ்சியிருந்ததே காரணம். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் அழகான கட்டடங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆகவே இவ்விரு படைப்புகளையும் நான் ஒரே நூலின் இரு பாகங்களாகவே வாசிக்கிறேன். பாட்டுக் கேட்கப் போனவர்களின் பெயரைச் சபையில் வாசித்தால் என்ன நடக்கும் என்று லோச் சொல்கிறார். யாரும் எதையும் தடுக்காதபோதும், ஆட்கள் போய்விட்டால் என்ன நடக்கும் என்று ட்ரெவர் சொல்கிறார். முதலாவதைப் பற்றிக் கோபப்படுவது எளிது. இரண்டாவதில் கோபப்படுவதற்கு ஆளில்லை.

எமது வாசகர்களுக்கு இதில் ஒப்புநோக்க நிறைய இருக்கிறது. அந்த ஒப்பீட்டை நான் இங்கே செய்யப்போவதில்லை. தத்தம் ஊரில் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருந்தால், அவரது வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தபின் அதைச் செய்வது நல்லது.