யாருக்கு இந்தத் தோரணம்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இந்திய அரசாங்கத்தின் நன்கொடையாக எழுந்து நிற்கும் தோரண வாயிலைக் குறித்து நம்மவரிடையே புகழுரைகள் பல வழங்கி வருகின்றன. 2015ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும், அந்நாளில் மலேசியப் பிரதமராயிருந்த நஜிப் ரசாக்கும் அதனைத் திறந்து வைத்தனர். அது முதல் அவ்வழியே செல்வோர் அதன்கீழ் நின்று படமெடுத்துக் கொள்வதும், "நம் பெருமை பாரீர்" என்று உறவினருக்கு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டன. புகழ்வோர் புகழட்டும். ஆயினும் ஒரு காவியத்தையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டு, இது யாரை நோக்கிப் பேசுகிறது, சொல்லவேண்டியதைச் சொல்லிற்றா என்று ஆராய்வது எங்ஙனம் குற்றமாகாதோ, அங்ஙனமே பொதுவீதியில் நிற்கும் ஒரு கட்டடத்தை ஆராய்வதும் குற்றமாகாது. காவியம் பிடிக்காவிடில் ஏட்டை மூடிவைக்கலாம். வீதியில் நிற்கும் வாயிலை அவ்வாறு மூடிவைக்க இயலாதாகையால், அதனை இன்னும் கவனமாகவே படிக்கவேண்டும்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்குப் பட்டணத்து வாயிலைப் பற்றி என்ன கவலை என்று அன்பர் சிலர் கேட்கலாம். கவலைக்குக் காரணம் உண்டு. கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரில் வேற்று முகம் பூண்ட கட்டடங்களின் நடுவேதான் நாம் நாள்தோறும் நடமாடுகிறோம். 1937ஆம் ஆண்டில் இம்மலையில் ஸ்மோக்ஹவுஸ் என்னும் விடுதி எழுந்தது. வெள்ளைச் சுவரும், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாய்க் கறுப்பு மரச்சட்டங்களும், புகைபோக்கியும் கொண்டு, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலிருந்து பெயர்த்து வந்து நட்டது போலிருக்கும். ஊர் ஏக்கம் கொண்ட துரைமார் தம் மனத்தை ஆற்றிக்கொள்ள எழுப்பிய வீடு அது. அவர்கள் ஏக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் 1957இல் நாடு சுதந்தரம் பெற்றுத் துரைமார் கப்பலேறிய பின்னரும், இங்கெழுந்த ஹோட்டல்களும் அடுக்கு வீடுகளும் அதே முகத்தையே மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆங்கிலப் பள்ளியில் டியூடர் அரசர்களின் பெயர் வரிசையை உருப்போட்டவர்கள் நாம். ஆதலின் இவ்வேஷத்தை அடையாளம் கண்டுகொள்வது நமக்கு எளிது. பழைய இங்கிலாந்து வீட்டில் அம்மரச்சட்டமே கூரையைத் தாங்கிற்று. சட்டங்களின் இடைவெளியில் மண்ணையோ செங்கல்லையோ வைத்து அடைத்தார்கள். பிரிஞ்சாங்கிலோ சிமெண்டுச் சுவரே யாவற்றையும் தாங்குகிறது. அதன்மேல் பலகையை ஒட்டிக் கறுப்புச் சாயம் பூசிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் கடந்தால் பலகை பிரிந்து தொங்குகிறது. வீட்டுக்கு ஒரு கெடுதியும் நேர்வதில்லை! எந்த மரம் பாரத்தைத் தாங்குகிறது, எது வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியை இம்மலையிற் கற்றுக்கொண்டு, தீபாவளிக்குத் துணியும் மாலையும் வாங்க நம்மவர் இறங்கிச் செல்லும் பிரிக்பீல்ட்ஸிலும் அதையே கேட்கிறோம்.

அவ்வூரைத் தாங்கிய மரங்கள் யாவை? 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் பாழாக்கிய பின்பு, மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய நகரைச் செங்கல்லும் ஓடுமாகத் திருப்பிக் கட்ட முனைந்தார்கள். அதற்கு வேண்டிய செங்கற் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் ரயில்வேயின் பணிமனைகளும் தண்டவாளங்களும் வந்தன. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்ற கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்து குடியேறினர். யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எழுப்பினர். சிங்களவர் 1894இல் ஒரு சங்கம் கண்டு, புத்த மகா விகாரையை உண்டாக்கினர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மெதடிஸ்டு சபையும் லுத்தரன் கோயிலும் அமைத்தனர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றிற்று. மலையாளிகளும் சீனர்களும் அக்கம்பக்கமாய் வாழ்ந்தனர். உத்தியோகஸ்தருக்கென இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட "நூறு குவார்ட்டர்ஸ்" என்னும் வரிசை வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பெற்று, படிக்கவைத்து, மணமுடித்து அனுப்பின.

இனி இடிபட்ட கதைக்கு வருவோம். அப்பழைய ரயில்வே நிலத்தில், ஏறக்குறைய 72 ஏக்கர் பரப்பில், கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001இல் திறக்கப்பட்டது. அதன் அமைப்புத் திட்டத்தை வகுத்தவர் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவா. 2003இல் துன் சம்பந்தன் சாலைக்கு மேலே ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடத் தொடங்கிற்று. வானளாவிய மாடிகளும் பேரங்காடியும் வந்தன. நூறு குவார்ட்டர்ஸ் இடிந்து மண்ணாயிற்று. ஆசிரம நிலத்திலும் உயர்மாடி எழுப்பும் திட்டமொன்று 2014இல் வெளிப்பட்டபோது ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். அப்பழங்கட்டடம் இன்றும் நிற்கிறது. வளர்ச்சி வேண்டாமென்பது நம் கட்சியன்று. ரயில் வந்ததனாலே பிழைத்த ஊரார் ரயிலைப் பழிப்பது நகைப்புக்கிடமாகும். ஆனால், வீடுகள் மறைந்த அதே காலத்தில், அவ்வட்டாரத்துக்கு ஒரு புதுப்பெயர் சூட்டப்பட்டதே, அதைத்தான் ஆராயவேண்டும்.

2010 அக்டோபர் 27ஆம் நாள், அந்நாளைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில், பிரிக்பீல்ட்ஸ் "லிட்டில் இந்தியா" ஆயிற்று. வளைவுகளும், வண்ணத் தூண்களும், யானைகள் தாங்கும் நீரூற்றும் வந்தன. யாழ்ப்பாணத்தான் இந்தியனா? சிங்களவன் இந்தியனா? மூன்று தலைமுறையாய் அங்கே கடை வைத்திருக்கும் சீனன் யார்? இவர்களெல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய ஓரூரை வேறொரு தேசத்தின் சின்னப் பதிப்பென்று அழைத்தால், ஊருக்கென்று சொந்தச் சரித்திரம் எதுவும் இல்லை என்றே பொருள்படுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நம்மை இந்நாட்டில் தங்கிப் போக வந்தவரென்றனர். இன்றும் திரும்பிப் போகச் சொல்லும் வாய்கள் அடங்கவில்லை. அவ்வாய்களுக்கு நாமே ஒரு பலகை எழுதி மாட்டிக்கொடுக்கலாமா? இந்நாட்டுக் குடிமக்களாகிய நமக்கு இந்தியா இன்று நேசத்துக்குரிய அயல்நாடு. அங்கிருந்து வருவதும், எவ்வளவு அழகாயிருப்பினும், அயற்பொருளே. மேனாட்டு நாகரிகம் நுழைந்தால் கூக்குரலிடும் நம் பெரியோர், மூதாதையர் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைவதை மட்டும் அயற்பொருளென்று காண்பதில்லை.

தோரணத்துக்கே வருவோம். அது மத்தியப் பிரதேசத்திலுள்ள சாஞ்சித் தூபத்தின் வாயிலைப் பார்த்துச் செய்தது. வடநாட்டுப் பொருள், பௌத்தப் பொருள் என்பதற்காக அதனை வெறுக்கும் சிறுமை நமக்கு வேண்டாம். மகா விகாரை நூறாண்டுக்கு மேலாக அவ்வூரில் இருக்கிறது. புத்தர் அங்கே புதியவரல்லர். மூலவாயிலோ உலகத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்று. அதன் அருமை எதிலிருக்கிறது என்பதுதான் கேள்வி. கி.மு. முதல் நூற்றாண்டில், சாதவாகனர் காலத்தில், அவ்வாயில்கள் எழுந்தன. தெற்கு வாயிலில், அரசன் சதகர்ணியின் சிற்பிகளுக்குத் தலைவனான ஆனந்தன் என்பவன் கொடுத்த கொடை இது என்று பொறித்திருக்கிறது. அதே வாயிலில் விதிசை நகரத்துத் தந்தவேலைக்காரர் இச்சிற்பத்தைச் செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. தூபத்தின் தளக்கற்களிலும் வேலிகளிலும் பிக்குகள், பிக்குணிகள், வணிகர், இல்லறப் பெண்டிர் எனச் சாமானியர் நூற்றுக்கணக்கானோர் தத்தம் பெயரையும் ஊரையும் வெட்டிவைத்திருக்கின்றனர். ஒருவர் ஒரு கல், இன்னொருவர் ஒரு தூண் என்று கொடுத்து நிறைவேற்றிய காரியம் அது. அரசன் பெயர்கூட அங்கே தன் வேலைக்காரன் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது!

பிரிக்பீல்ட்ஸ் வாயிலோ ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்துக்குக் கொடுத்த வெகுமதி. சாஞ்சியின் வடிவம் கடல் கடந்து வந்தது. அதனைச் சாஞ்சியாக்கிய வழக்கம் வரவில்லை. 2010இல் சீனத்து லோயாங் நகரில், வெண்குதிரைக் கோயிலருகே, இந்தியா எழுப்பிக் கொடுத்த பௌத்த ஆலயமும் சாஞ்சியைத் தழுவியதே. அங்கே பொருத்தம் விளங்குகிறது. பௌத்தம் இந்தியாவிலிருந்து சென்று வேரூன்றிய இடங்களில் தலையாயது அது. ரயில்வேத் தமிழருக்கும் அதே அச்சில் வார்த்துக் கொடுத்தது, கொடுத்தவர் நம்மைப் பாராமல் தம் தேசத்தின் முத்திரையைப் பார்த்துக் கொடுத்ததனாலன்றோ? கொடுப்பவர்மீது குறையில்லை; தம் பெருமையைத் தாமே சொல்லிக்கொள்வது அரசாங்கங்களின் இயல்பு. அதை நம் பெருமையென்று எடுத்துக்கொண்ட நம் அவசரத்தையே நாம் குறை கூறுகிறோம்.

தோரணம் என்ற சொல்லையும் சற்றுக் கவனிக்கவேண்டும். நம் வீடுகளில் தோரணமாவது மாவிலையும் தென்னங்குருத்தும். தோட்டத்து லயத்தில் கலியாணம் என்றால் முந்தின இரவு பெண்களும் பையன்களும் உட்கார்ந்து குருத்தைக் கீறி மடித்துக் கட்டுவார்கள். கட்டியவர் கை அதில் இருக்கிறது. விசேஷம் முடிந்து வாடியதும் கழற்றிவிடுகிறோம். வாடாத தோரணம் ஒன்று அயலார் கட்டித் தர, வீட்டார் கீழே நின்று படம் பிடித்துக்கொள்வது நமக்குப் புதிது.

கடைக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: வளைவு வந்தது, வெளியூரார் வருகிறார்கள், வியாபாரம் நடக்கிறது. இதனை நாம் அலட்சியம் செய்யோம். வயிற்றுப்பாடு பெரிது; பிரிஞ்சாங் ஹோட்டல்காரரும் தம் கறுப்புப் பலகைக்கு இதே நியாயத்தைத்தான் சொல்கிறார். ஆயின் கூட்டம் வருவதற்கு மல்லிகைப்பூவும் வாழையிலைச் சாப்பாடும் முறுக்கும் போதும் என்பதைத் தீபாவளிச் சமயத்தில் அங்கே போய் நெருக்குண்டவர் எவரும் ஒப்புவர். அவை பிரிக்பீல்ட்ஸின் தாங்கும் மரங்கள். எந்தப் பிரதமரும் திறந்து வைக்காதவை.

மற்றொன்றும் உண்டு. அவ்வட்டாரத்திலேதான் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951இல் தோன்றியது. கண்பார்வையற்றோர் பலர் அங்கே தங்கி, பயின்று, உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து சீவிக்கின்றனர். இவர்கள் கையில் கோலூன்றித் தினமும் அவ்வீதிகளைக் கடக்கிறார்கள். இவர்களிடம் போய் வளைவின் வண்ணத்தை வருணிப்பதில் என்ன பயன்? தடையில்லாத நடைபாதை, மோட்டார் வாகனங்கள் நின்று வழிவிடும் இடம், கால் இடறாத படி, இவைதாம் அவர்கள் படிக்கும் கட்டடக்கலை. ஒரு வட்டாரத்தைப் புதுக்குவோர் முதலில் யாரைக் கேட்டு வேலை தொடங்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. பத்திரிகையாளர் பாலன் மோசஸ் பிரிக்பீல்ட்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நினைவு நூல் எழுதியிருக்கிறார். அத்தகைய நூல்கள் தமிழிலும் பலவாக வரவேண்டும். தாய்நாட்டின் கோபுரங்களைப் பாடிக் கவிதை அனுப்பும் இளைஞர்கள், தம்பிப்பிள்ளை சாலை வழியே நடக்கும்போது அந்தத் தம்பிப்பிள்ளை யாரென்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

தோட்டத்தில் எங்கள் உத்தியோகமே பெயர் எழுதுவது. காலைப் பெரட்டில் வந்தவர் யார், வராதவர் யார், எத்தனை கிலோ கொழுந்து என்று செக்ரோலில் எழுதாவிடில் அன்று உழைத்தவர் உழைக்காதவராகிவிடுவார். நூறு குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர் பெயர்களும், பணிமனையில் கரி அள்ளியவர், தண்டவாளம் பதித்தவர், சிக்னல் காட்டியவர் பெயர்களும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு கிராணியின் கையால் எழுதப்பட்டவையே. எஞ்சிய ஏடுகளை ரயில்வேயும் அரசாங்கச் சுவடிக்கூடமும் தேடி எடுக்கவேண்டும். எடுத்த பெயர்களை அவ்வாயிலின் அடியிலேயே, சாஞ்சியிற் போல, கல்லில் வெட்டவேண்டும். ஏட்டில் இல்லாதவை முதியோர் நினைவில் இருக்கும். இவ்விதழை வாசிப்போருள் அவ்வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் சிலரேனும் இருப்பர். உங்கள் வீட்டின் இலக்கம் என்ன, பக்கத்து வீட்டில் யார் இருந்தார், தகப்பனார் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார், வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் எந்த வருஷம் வந்தது என்பதை நாலு வரியிலாவது எழுதி அனுப்புங்கள்.