தாழி வனைவோனும் பாடுவோரும்: புறநானூற்றுப் பாடல்கள் இரண்டின் அணிமொழி

சாவு யாவர்க்கும் பொது என்பது பழகிப்போன கூற்று. ஆயினும், சாவைப் பாடும் மொழி யாவர்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. புறநானூற்றின் 228ஆம், 256ஆம் பாடல்களை ஒருங்குவைத்து நோக்கின் இவ்வுண்மை புலப்படும். இரண்டும் ஈமத்தாழி வனையும் குயவனை விளித்துப் பாடப்பட்டவை. முன்னையது, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. பின்னையது கணவனை இழந்த பெண்ணொருத்தியின் கூற்று. பாடியவர் பெயர் கிடைத்திலது. தாழி வெறுங் கற்பனையன்று. ஆதிச்சநல்லூரிலும் ஈழத்துப் பொம்பரிப்பிலும் அகழ்வுகளில் வெளிப்பட்ட ஈமத்தாழிகள் அவ்வழக்கத்துக்குச் சான்றாவன.

குயவனை விளிக்கும் தொடரும் அவனது ஊரைக் குறிக்கும் தொடரும் இரு பாடல்களிலும் ஒன்றாகவே உள்ளன. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இத்தகைய தொடர்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளாக விளக்கினார். அவ்வழி நோக்கின், ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்பதினும் இருவரும் பொது மரபொன்றைக் கையாண்டனர் என்பதே பொருந்தும். எனவே, அவர்கள் எவ்விடத்தில் வேறுபடுகின்றனர் என்பதே ஆய்வுக்குரிய வினாவாகிறது.

முடவனார் குயவனுக்காக இரங்குகிறார். தேவருலகம் எய்திய மன்னனுக்கேற்ற தாழி வனைய வேண்டுமாயின், நிலமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் அமைதல் வேண்டும். அது உனக்கு இயலுமோ என வினவுகிறார். இவ்வுருவகத்தின் உறுப்புகள் யாவும் குயவனின் தொழிற்களத்திலிருந்து பெறப்பட்டவை. அவனுடைய கருவிகளே உலகளவாய் விரிந்து, ஈற்றில் அவனது இயலாமைக்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றன. உழைப்பு உருவகத்துக்குப் பொருள் தருகிறது. உழைப்பாளி உருவகத்தாற் சிறுமையுறுகிறான். மன்னனின் மறுமையோ ஐயத்துக்கிடமின்றி ஒரு சொற்றொடரில் உறுதிசெய்யப்பட்டு விடுகிறது.

பெண்ணின் கூற்றிலும் சக்கரம் உண்டு. ஆனால் அது வண்டிச் சக்கரம். அதன் ஆரக்காலைப் பற்றியிருந்த சிறு வெண்பல்லி போலக் கணவனோடு சுரம் பல கடந்து வந்தவள் அவள். தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். பல்லி சக்கரத்தை உருட்டுவதில்லை. செல்லும் வழியைத் தெரிவதுமில்லை. சார்பு வாழ்வின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது. இங்கே தேவருலகம் பற்றிய பேச்சே இல்லை. அவள் கேட்கும் மறுமை ஒரு தாழியின் உள்ளளவே.

இரசனை முறைத் திறனாய்வாளர் பல்லியுவமையின் நுண்மையை வியந்து அமைவர். ஒழுக்கவாதிகள் அதனைக் கற்பின் சிகரமெனப் போற்றுவர். இரு சாராரும், கணவனுக்குப் பின் வாழ்வதற்கு அவளுக்கு எஞ்சியிருந்தது யாது என வினவுவதில்லை. மறுபுறம், முடவனார் பாடலை வெறும் மன்னர் துதியென ஒதுக்கும் நம்மவர் சிலரின் வரட்டுவாதமும் ஏற்புடையதன்று. குலக்குழு உறவுகள் தளர்ந்து அரசு வலுப்பெற்ற காலத்தில், புரவலனை இழந்த புலவனின் துயர் மெய்யானதே. அத்துயர் எவ்வளவு மெய்யோ, அதன் உருவகத்துள் உறைந்த வர்க்கப் பார்வையும் அவ்வளவு மெய். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

கோ என்னுஞ் சொல் அரசனையும் குறிக்கும்; இப்பாடல்களிற் குயவனையும் குறிக்கிறது. ஒரு கோ தேவருலகம் புகுந்தான். மற்றைக் கோ, விண்ணளாவும் சூளைப்புகையின் கீழ் நின்று, புலவனின் இரக்கத்தையும் பெண்ணின் வேண்டுகோளையும் கேட்கிறான். இரு பாடல்களிலும் அவன் மறுமொழி கூறவில்லை. சான்றோர் செய்யுளின் அணிநலத்தை ஆராயும் நாம், அவ்வணிக்கு மண்ணும் சக்கரமும் தந்தவனின் மௌனத்தையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.