யாருடைய எண் அந்தப் பொத்தானில்?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவியரின் மேசைகளைச் சுற்றிவந்தால் ஒரு கருவி அடிக்கடி கண்ணில் படும். கைப்பையில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டி, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஜிபிஎஸ் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கும், ஜிஎஸ்எம் பலகை குறுஞ்செய்தி அனுப்பும். ‘பெண்கள் பாதுகாப்புக் கருவி’ என்று அட்டையில் அழகாக எழுதியிருப்பார்கள். ரோபோவும் ட்ரோனும் பையன்களின் மேசைக்குப் போக, வழிகாட்ட வரும் பொறியாளர்கள் மாணவியருக்கு எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அதன் நிரலில், செய்தி போய்ச்சேர வேண்டிய கைபேசி எண்ணுக்கென்று ஒரு வரி உண்டு. அங்கே அப்பாவின் எண் ஏறும், இல்லாவிட்டால் அண்ணனுடையது. யாருடைய எண்ணைப் போடலாம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கும் வழக்கம் இல்லை.

கருவியாகப் பார்த்தால் இதற்குப் பெரிய தேவையும் இல்லை. 2017 ஜனவரி 1 முதல் விற்கப்படும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2016-லேயே ஆணையிட்டுவிட்டது. தமிழ்நாடு காவல்துறையும் ‘காவலன்’ செயலியை வெளியிட்டது. ஆகவே மாணவி இதிலிருந்து கற்பது மின்னணுவியலைவிட ஒரு கதையைத்தான்: ஆபத்து தெருவில் நிற்கும் அந்நியனிடமிருந்து வரும், வீட்டு ஆண் வந்து காப்பாற்றுவான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கதையைச் சொல்ல நா கூச வேண்டும். 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞரும் பொறியியல் பட்டதாரியுமான கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதிப் பெண் ஒருவருடன் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பெண் எங்கே நிற்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதைக் கண்காணிக்கும் உரிமை தங்களுக்கு உண்டென்று சாதி நம்புகிற மண் இது. இங்கே அவள் இருக்குமிடத்தை வீட்டு ஆணின் கைபேசிக்கு அனுப்பும் கருவியை அவள் கையாலேயே செய்யவைத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைக்கிறோம். பெண்ணைக் காப்பதும் பெண்ணைக் காவல் காப்பதும் ஒரே நிரலில் ஓடக்கூடியவை. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராத வழிகாட்டல், தொழில்நுட்பத்திலேயே பாதியைத்தான் சொல்லித்தருகிறது.

மீதிப் பாதியும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஜிஎஸ்எம் பலகை செய்தி அனுப்பும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். சிறு பேட்டரி அதைத் தாங்காமல் கருவி அணைந்து மறுபடி தொடங்கும். பாடம் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் விடிந்தால் கண்காட்சி. மாணவியின் கையிலிருந்து சால்டரிங் கோலை வாங்கி அண்ணாவோ சாரோ சரிசெய்துவிடுவார். அவள் அட்டைக்கு வண்ணம் தீட்டப் போவாள், விளக்கவுரையை மனப்பாடம் செய்வாள். மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைக்கும் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். திட்டப்பணியும் அதே வழியில் போகிறது.

பழுதைப் பாடமாக்கலாம் என்பதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா வழிகாட்ட, 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் பங்கேற்ற ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே வீணானது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகள் சில நொடிகள் தடுமாற, உணரிகளே பழுது என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டியதுதான் காரணம் என இஸ்ரோ விளக்கியது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. தோற்ற ஆகஸ்டிலிருந்து வென்ற பிப்ரவரி வரையான ஆறு மாதங்களில்தான் பொறியியல் இருக்கிறது. வழிகாட்டிகள் மாணவியரோடு உட்கார வேண்டியதும் அத்தகைய நாட்களில்தான்.

உட்கார நேரமும் வழியும் வேண்டுமே. நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகத் திட்டம் 2016-இல் தொடங்கியபோது பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. அந்தப் பணத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கலாம். பள்ளி விட்ட பிறகு மகளைத் தங்கவிடும் மனத்தை வாங்க முடியாது. பொறியாளர் ஊருக்குத் திரும்பியதும் வழிகாட்டல் வாட்ஸ்அப் குழுவுக்கு மாறுகிறது. குழுவில் மாணவியின் பெயரில் இருப்பது அப்பாவின் கைபேசி. இரவு அவர் வீடு திரும்பும்வரை அவளுடைய சந்தேகம் காத்திருக்க வேண்டும். கேட்பது ஒரு ஆணிடம் என்பதால் அதையும் அவர் வாசித்துப் பார்ப்பார்.

இத்தனைக்கும் இவள் இயந்திரம் பார்க்காத வீட்டுப் பெண் இல்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்தும் சிறு கம்பி, சென்சார் என்ற சொல்லை இவள் கேட்பதற்கு முன்பே இவள் வீட்டில் இருந்த சென்சார். அம்மா தார் சுற்றுகிறாள். சேலத்துக் கொலுசு வேலையில் பெண்கள் வீட்டிலிருந்தே வளையம் கோக்கிறார்கள். சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குத் தோல் உரிக்கிறார்கள். இவையெல்லாம் ‘கைவேலை’. தறி மேஸ்திரியும் லாரிப் பட்டறை ஃபிட்டரும் செய்வது ‘டெக்னிக்கல்’. அம்மாவின் வேலையைத் தொழில்நுட்பமாகப் பார்க்கக் கற்றுத்தராமல் மகளைப் பொறியாளர் ஆக்குவது எப்படி?

அடுத்த முறை பள்ளிக்குப் போகும் பொறியாளர் அந்த எண்ணுக்கான வரியைக் காலியாக விட்டு, அவளிடமே கேட்கட்டும். அவள் 1098 போடலாம், 181 போடலாம், தோழியின் எண்ணைப் போடலாம். எனக்கு இந்தப் பெட்டியே வேண்டாம், தறிக்கூடத்தின் இரைச்சல் அம்மாவின் காதை என்ன செய்கிறது என்று அளக்கணும் என்றும் சொல்லலாம். சொன்னால், அதை அளப்பதற்கு மைக்கும் மீட்டரும் கொண்டுவருவதுதான் அவர் வேலை.